எவ்வளவு உயரம் எகிறுகிறான் என்பதா கேள்வி?



முதலில் ஒரு குற்ற ஒப்புதல்.

போன வருஷம் மண்டலப் போட்டிக்கு நம்ம கூடைப்பந்து டீமைத் தேர்ந்தெடுத்தபோது, அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். முதலாண்டு மாணவன் ஒருவனின் பெயர் வந்தது. பெயரை இங்கே எழுதவில்லை. ஹாஸ்டலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊரில் கபடியும் வாலிபாலும் ஆடி வளர்ந்தவன். கூடைப்பந்தை இங்கே வந்துதான் தொட்டான். ஓடி வந்து எகிறினால் ரிங்கில் கை படும்! சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போகிறவர்கள்கூட அவன் எகிறுவதை இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆனால் பயிற்சி மேட்ச் மூன்று ஆடினோம். மூன்றிலும் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே வந்தான். எதிரில் ஆளே இல்லாத லே-அப்பைத் தவறவிட்டான். பாஸ் வருவதைப் பார்க்காமல் நின்று, பந்தை முகத்தில் வாங்கினான்.

"காளைக்கு ஷூ மாட்டி கோர்ட்ல விட்ட மாதிரி இருக்குடா" என்றான் ஒருவன்.

"டேய், சும்மா இருங்கடா. ஒலாஜுவானும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்தாராம். இவன் நம்ம பாலிடெக்னிக் ஒலாஜுவான்டா!" என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தோம். கை தூக்கச் சொன்னார்கள். 'வேண்டாம்' பக்கம் நானும் கை தூக்கினேன். ஒரு பையனின் ஒரு வருஷம் அரை நிமிஷத்தில் முடிந்தது.

சிரித்துவிட்டு வந்தாலும் அந்தப் பெயர் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டது. உண்மையிலேயே ஒலாஜுவான் 'இப்படித்தான்' இருந்தாரா? தேடிப் படித்தேன். படித்த பிறகு தெரிந்தது, அன்றைக்கு எங்கள் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறோம் என்று. 'வேண்டாம்' என்றவன் அவன் செய்த தப்பை எண்ணினான். 'ஒலாஜுவான்' என்றவன் அவன் எகிறிய உயரத்தை அளந்தான். அவன் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறான் என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

லாகோஸிலிருந்து வந்த கோல்கீப்பர்

ஹக்கீம் ஒலாஜுவான் 1963-ல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். சிறு வயதில் அவர் ஆடியது கால்பந்தும் ஹேண்ட்பாலும். கால்பந்தில் கோல்கீப்பர். கூடைப்பந்து அவர் கைக்கு வந்தது பதினைந்து வயதுக்கு மேல். அமெரிக்காவில் அந்த வயதுப் பையன்கள் பத்து வருஷம் ஆடி முடித்திருப்பார்கள்.

1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். விமான நிலையத்துக்கு அவரை அழைத்துப்போக ஓர் ஆள்கூட வரவில்லை. டாக்ஸி பிடித்து தானே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். பெரிய நட்சத்திரம் வருகிறான் என்று யாரும் ஆரத்தித் தட்டோடு காத்திருக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏழடிக்குப் பக்கத்தில் உயரம், கோல்கீப்பரின் கண், ஹேண்ட்பால் ஆடிய கால்கள். இவை மட்டும்தான் அன்றைக்கு அவருடைய சொத்து. முதல் வருஷம், அதாவது 1980-81-ல், அவர் ஒரு போட்டியிலும் இறங்கவில்லை. பயிற்சி மட்டுமே.

கோச் கை லூயிஸ். கூட ஆடியவர்களில் ஒருவர் கிளைடு டிரெக்ஸ்லர். டங்க் அடித்தே எதிரியைக் கலங்கடித்த அந்த டீமுக்கு 'ஃபை ஸ்லாமா ஜாமா' என்று ஒரு வேடிக்கைப் பெயரே வந்துவிட்டது. 1982, 83, 84 என்று மூன்று வருஷமும் தேசிய அளவில் கடைசி நான்கு டீம்களில் ஒன்றாக நின்றார்கள்.

இப்போது ஹக்கீமின் கணக்குக்கு வருவோம். ஒரு மேட்சுக்குச் சராசரியாக அவர் எடுத்த புள்ளிகள்: 1981-82-ல் 8.3. அடுத்த வருஷம் 13.9. அதற்கடுத்த வருஷம் 16.8.

ரீபவுண்ட்: 6.2, பிறகு 11.4, பிறகு 13.5.

பிளாக்: 2.5, பிறகு 5.1, பிறகு 5.6.

இதைப் பார்த்ததும் நாம் என்ன சொல்வோம்? "அடேயப்பா, இரண்டு வருஷத்தில் ஆட்டம் இரண்டு மடங்காயிடுச்சு!" நானும் அப்படித்தான் சொன்னேன். கொஞ்சம் பொறுங்கள்.

கால்குலேட்டரை எடுங்கள்

அந்த மூன்று வருஷங்களில் ஒரு மேட்சுக்கு அவர் எத்தனை நிமிஷம் கோர்ட்டில் நின்றார் என்ற கணக்கும் இருக்கிறது. முதல் வருஷம் 18.2 நிமிஷம். இரண்டாவது வருஷம் 27.4. மூன்றாவது வருஷம் 34.1. அமெரிக்கக் கல்லூரி மேட்ச் மொத்தம் 40 நிமிஷம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 40 நிமிஷமும் அதே வேகத்தில் ஆடியிருந்தால் எத்தனை புள்ளி? முதல் வருஷம் சுமார் 18. இரண்டாவது வருஷம் சுமார் 20. மூன்றாவது வருஷமும் சுமார் 20.

அவ்வளவுதான் வித்தியாசம்!

அதாவது கோர்ட்டில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் புள்ளி எடுக்கும் திறமை, 'பச்சை' என்று சொல்லப்பட்ட முதல் வருஷத்திலேயே கிட்டத்தட்ட அவரிடம் இருந்தது. வளர்ந்தது என்ன தெரியுமா? *கோர்ட்டில் நிற்கும் திறமை.* பாதி ஆட்டம்கூட நிற்காதவர், மூன்றாவது வருஷத்தில் ஆறு நிமிஷம் தவிர மீதி நேரமெல்லாம் நின்றார்.

இது சின்ன விஷயமா நண்பர்களே? யோசித்துப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரன் ஏன் கோர்ட்டை விட்டு வெளியே வருகிறான்? ஒன்று ஃபவுல். இரண்டு மூச்சு. மூன்று, கோச்சுக்கு அவன் மேல் நம்பிக்கை இல்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால்தான் நிமிஷம் கூடும். எகிறும் உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டுவதால் இதில் ஒன்றுகூடச் சரியாகாது.

ஃபவுலையே எடுத்துக்கொள்வோம். நன்றாக எகிறத் தெரிந்த பையனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரி பந்தை மேலே தூக்குவது போலப் பாவனை காட்டினால் போதும், இவன் வானத்துக்குப் போய்விடுவான். எதிரி நிதானமாக ஒரு நொடி காத்திருந்து, இவன் கீழே இறங்கும்போது மேலே இடித்துக்கொண்டு ஷூட் பண்ணுவான். விசில்! ஃபவுல் இவன் கணக்கில். ஐந்தாவது ஃபவுலில் ஆட்டம் க்ளோஸ்.

இதற்கு மருந்து எகிறுவதில் இல்லை, எகிறாமல் இருப்பதில் இருக்கிறது. கால் தரையில் இருக்க வேண்டும். கை நேராக மேலே இருக்க வேண்டும். பந்து எதிரியின் கையை விட்டுக் கிளம்பிய பிறகுதான் எழும்ப வேண்டும். கேட்க சுலபம். ஆனால் உடம்பு பழகிய ஒரு சுபாவத்தை அடக்கக் கற்றுக்கொள்வது, புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் கஷ்டம். ஹக்கீம் பிளாக்கைக் குறைத்துக்கொண்டு நிமிஷத்தைக் கூட்டவில்லை. முதல் இரண்டு வருஷத்துக்குள் நிமிஷமும் கூடியது, நிமிஷத்துக்கான பிளாக்கும் கூடியது. அதைத்தான் வளர்ச்சி என்று நான் சொல்வேன்.

கோடை விடுமுறையில் ஒரு வாத்தியார்

இன்னொரு எண்ணும் கண்ணில் படுகிறது. 40 நிமிஷத்துக்குக் கணக்கிட்டால் ரீபவுண்ட் முதல் வருஷம் பதினாலுக்குப் பக்கம். இரண்டாவது வருஷம் பதினாறைத் தாண்டிவிட்டது. புள்ளியைவிட இதில் ஏற்றம் அதிகம். ஏன்?

ஹூஸ்டன் நகரில் ஃபாண்ட் பொழுதுபோக்கு மையம் என்று ஓர் உள்ளரங்கு கோர்ட். கோடையில் அங்கே மோசஸ் மலோன் ஆட வருவார். 1979-லும் 1982-லும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ஆட்டக்காரராக என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். ரீபவுண்டில் ராட்சசன். ஹக்கீமைவிட எட்டு வயது மூத்தவர். கல்லூரிப் பையன் ஹக்கீம் அவரோடு மோதினார். இடி வாங்கினார். தள்ளு வாங்கினார். மலோன் ஒன்றும் ஹக்கீம் அளவுக்கு எகிறுகிறவர் அல்ல. ஆனாலும் பந்து மலோன் கையில்தான் விழும். காரணம், பந்து போர்டில் படும் முன்பே நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றிருப்பார்.

எகிறுவது காலின் வேலை. எங்கே நிற்பது என்பது தலையின் வேலை. இரண்டாவதை ஒரு பையன் கற்றுக்கொள்கிறானா என்று பார்க்க வேண்டும் என்றால், அவனைத் தன்னைவிட வல்லவனோடு மோத விட்டுப் பார்க்க வேண்டும். தன்னைவிடச் சின்னவர்கள் மத்தியில் எகிறி எகிறி பந்து பிடிப்பவன் இதை ஒருநாளும் கற்க மாட்டான். அங்கே அவனுக்கு அது தேவையே இல்லையே!

வளராமல் நின்றவை

இதுவரை புகழ்ச்சி. இனி மறுபக்கம்.

ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்காமல், தள்ளாமல், நின்று நிதானமாகப் போடும் பந்து. இதில் ஹக்கீமின் வெற்றி விகிதம் முதல் வருஷம் 56.3 சதவீதம். அடுத்த வருஷம் 59.5. மூன்றாவது வருஷம்? 52.6! ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. கூட்டாளிக்குப் பாஸ் கொடுத்துக் கூடை விழவைப்பதும் மூன்றாவது வருஷத்தில் ஒரு மேட்சுக்கு 1.3 தடவைதான்.

1983-ல் ஆல்புகர்கியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். எதிரி, வட கரோலினா ஸ்டேட். ஹக்கீம் 20 புள்ளி, 18 ரீபவுண்ட். ஆனால் ஹூஸ்டன் டீம் மொத்தமாகப் போட்ட 19 ஃப்ரீ த்ரோவில் உள்ளே போனது 10. கடைசி நொடி. ஸ்கோர் 52-52. எதிரணியின் விட்டன்பர்க் தூரத்திலிருந்து வீசிய பந்து ரிங்குக்கு எட்டாமல் கீழே வருகிறது. லொரென்சோ சார்ல்ஸ் என்பவர் அதைக் காற்றிலேயே பிடித்து உள்ளே திணித்தார். ஹக்கீம் பக்கத்திலேயே இருந்தார், எழும்பவில்லை. நாட்டிலேயே நன்றாக எகிறத் தெரிந்த ஆள், எகிற வேண்டிய அந்த ஒரு நொடியில் தரையில் நின்றுவிட்டார்! 54-52. தோற்ற டீமில் இருந்தும் அந்தக் கடைசிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் வந்தது. கோப்பை வரவில்லை.

1984 இறுதி ஆட்டத்தில் எதிரில் ஜார்ஜ்டவுன், பாட்ரிக் யூயிங். இரண்டாம் பாதி தொடங்கிய சற்று நேரத்தில் ஹக்கீமுக்கு நான்காவது ஃபவுல்! இன்னும் ஒன்று என்றால் வெளியே. கையைக் கட்டிக்கொண்டு ஆடுவது போலத்தான். 84-75, மறுபடி தோல்வி.

அந்த இரவில் நம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடம் ஹக்கீமின் பெயர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "மூணு வருஷமாச்சு, இன்னும் ஃபவுல் பிரச்சினை. ஃப்ரீ த்ரோ போட வராது. பாஸ் கொடுக்கத் தெரியாது. முக்கியமான நேரத்தில் நின்னுடுவான்." கை தூக்கியிருப்போம்.

ஆனால் அந்தக் கோடையில் என்.பி.ஏ. தேர்வில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் முதல் ஆளாக அவரைத்தான் எடுத்தது. மூன்றாவது ஆளாகத் தேர்வானவர் பெயர் மைக்கேல் ஜோர்டன்! ஜோர்டனை விட்டுவிட்டார்களே என்று கேட்பவர்கள் உண்டு. இவரை எடுத்ததில் ராக்கெட்ஸ் ஏமாந்தது என்று சொல்பவரை நான் படித்ததில்லை.

பதினொரு வருஷம் கழித்து

எதெல்லாம் கல்லூரியில் வளரவில்லையோ, அதெல்லாம் பிறகு வளர்ந்தது. நிதானமாக. 1992-93 சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ 77.9 சதவீதம். பாஸால் கூடை விழவைப்பது ஒரு மேட்சுக்கு 3.5. அப்போது அவருக்கு வயது முப்பது!

1994 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். ராக்கெட்ஸ் 86, நியூயார்க் நிக்ஸ் 84. கடைசி நொடிகள். தொடரில் நிக்ஸ் 3-2 என்று முன்னிலை. ஒரு பந்து உள்ளே போனால் கோப்பை அவர்களுக்கு. ஜான் ஸ்டார்க்ஸ் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு எழும்புகிறார். சென்டர் ஆட்டக்காரர் அவ்வளவு தூரம் வெளியே வர மாட்டார் என்பது உலகம் அறிந்த வழக்கம். ஹக்கீம் வந்தார். கையை நீட்டினார். விரல் நுனி பந்தில் பட்டது. பந்து ரிங்குக்குப் போய்ச் சேரவில்லை. ஏழாவது ஆட்டத்தையும் வென்று ராக்கெட்ஸ் கோப்பையைத் தூக்கியது. அடுத்த வருஷமும் தூக்கியது. 2002-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் இருந்த 3,830 பிளாக்கை இன்றுவரை ஒருவரும் எட்டவில்லை.

1983-ல் ஒரு கடைசி நொடி. 1994-ல் ஒரு கடைசி நொடி. இந்த இரண்டுக்கும் இடையில் எகிறும் உயரம் கூடவில்லை. முப்பத்தொரு வயதில் யாருக்குக் கூடும்? எங்கே போய் எப்போது எகிற வேண்டும் என்பதைத்தான் அந்தப் பதினொரு வருஷமும் கற்றுக் கொடுத்திருக்கிறது.

எல்லோரும் ஹக்கீம் ஆவார்களா?

ஆக மாட்டார்கள். இதை மறைத்தால் நான் பொய்யனாவேன்.

டான்சானியாவிலிருந்து வந்த ஹஷீம் தபீத். ஏழடி மூன்றங்குலம். அவரும் தாமதமாகத்தான் கூடைப்பந்துக்கு வந்தார். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அவருடைய சராசரி 6.2, பிறகு 10.5, பிறகு 13.6. ஹக்கீம் ஏறிய ஏணி மாதிரியே இருக்கிறது அல்லவா? 2009-ல் மெம்ஃபிஸ் டீம் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. அதே தேர்வில் ஏழாவதாகப் போனவர் ஸ்டீபன் கரி! என்.பி.ஏ.வில் முதல் வருஷம் தபீத்தின் சராசரி 3.1. சீசன் முடியும் முன்பே கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார். புள்ளிச் சராசரி ஏறுகிறது என்பதை மட்டும் பார்த்து 'வளர்ந்துவிட்டான்' என்று முத்திரை குத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கல்லூரியில் உயரம் காப்பாற்றியது. எல்லோரும் உயரமாக இருக்கும் இடத்தில் உயரம் காப்பாற்றாது.

இன்னொருவர், காங்கோ நாட்டு டிகெம்பே முட்டோம்போ. டாக்டராக வேண்டும் என்று 1987-ல் ஜார்ஜ்டவுனுக்குப் படிக்க வந்தவர். முதலில் ஆடிய சீசனில் அவர் சராசரி 3.9 புள்ளி! என்.பி.ஏ.வில் 18 சீசன் ஆடினார். அங்கேயும் சராசரி பத்தைத் தொடவில்லை. ஆனால் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது நான்கு முறை. 2024-ல் அவர் மறைந்தபோது கூடைப்பந்து உலகமே கலங்கியது. அவரைப் புள்ளிக் கணக்கால் அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீனை மரம் ஏறச் சொல்லி மார்க் போட்ட கதைதான்.

ஸ்கிராப்பா, ஜாபா?

நம்ம மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைகிறோம். அளவு கூடுதலாக இருந்தால் கேஜுக்குள் நுழையாது. அதற்காக அதைத் தூக்கி ஸ்கிராப் பெட்டியில் போடுவோமா? இன்னும் மெட்டீரியல் மிச்சம் இருக்கிறது, கடையலாம் என்றுதானே சொல்வோம். அளவு குறைந்து போனால்தான் ஸ்கிராப். பச்சையான ஆட்டக்காரனும் அப்படித்தான். அவனுடைய தப்பில் பாதி, கூடுதலாக இருப்பதால் வரும் தப்பு. கூடுதலாக எகிறுகிறான். கூடுதலாகக் கை வீசுகிறான். கூடுதலாக ஓடுகிறான். அதைக் கடைந்து எடுக்கலாம்.

ஆனால் ஒன்று. கடைகிறவன் ஒவ்வொரு கட்டுக்குப் பிறகும் மெஷினை நிறுத்தி வெர்னியர் வைத்துப் பார்ப்பான். நாம் பார்த்தோமா?

என் சிற்றறிவுக்கு எட்டியவரை, இப்படிப்பட்ட பையனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று: போன மாதத்தைவிட இந்த மாதம் அதிக நேரம் கோர்ட்டில் நிற்கிறானா?

இரண்டு: அதே தப்பைத் திரும்பச் செய்கிறானா, புதுத் தப்பு செய்கிறானா? புதுத் தப்பு செய்கிறவன் பழையதைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம்.

மூன்று: தன்னைவிட வல்லவனோடு மோதும்போது என்ன ஆகிறான்? சின்னவர்கள் மத்தியில் அவன் செய்வதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நான்கு: பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறான்?

ஃப்ரீ த்ரோவும் பாஸும் தாமதமாக வரும். அதற்காகப் பொறுக்கலாம். இந்த நான்கிலும் ஆறு மாதமாக ஓர் அசைவும் இல்லை என்றால், அப்போது தாராளமாகக் கை தூக்குங்கள். நானும் தூக்குகிறேன்.

கடைசியாக அந்த ஸ்கோர் ஷீட்

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது விளையாட்டு அறைக்குப் போய்ப் பழைய ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பையன் ஆடிய மூன்று மேட்சும் இருந்தன. முதல் மேட்சில் பாதி ஆட்டம் முடியும் முன்பே ஐந்தாவது ஃபவுல். இரண்டாவது மேட்சில் மூன்றாவது கால் பகுதியில். மூன்றாவது மேட்சில் கடைசிக் கால் பகுதி, முடிய மூன்று நிமிஷம் இருக்கும்போது.

மூன்றிலும் ஐந்து ஃபவுல்தான். சரிதான். ஆனால் ஒவ்வொரு மேட்சிலும் முன்னைவிட அதிக நேரம் நின்றிருக்கிறான்! யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டிருந்திருக்கிறான். ஹக்கீம் இரண்டு வருஷத்தில் ஏறிய அதே படிக்கட்டில் முதல் மூன்று படி. அந்தத் தாள் அன்றைக்கு அதே அறையில், எங்கள் தலைக்கு மேலே அலமாரியில்தான் இருந்தது. நாங்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் ஒலாஜுவான் ஆவான் என்று நான் சொல்லவில்லை. நம்ம மண்டலப் போட்டியில் நல்ல சென்டராக ஆகியிருக்கலாம். அதுகூடப் போதுமே! இப்போது அவன் கோர்ட் பக்கம் வருவதில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் போய்ப் பேசினேன். "பரவாயில்ல அண்ணே, எனக்கு வராதுன்னு தெரிஞ்சு போச்சு" என்றான். வராது என்று அவனுக்கு யார் சொன்னது? நாங்கள்தான் சொன்னோம். கை தூக்கிச் சொன்னோம்.

ஸ்கோர் ஷீட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பேரவையின் விளையாட்டுச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு பயிற்சி மேட்சிலும் யார் எத்தனை நிமிஷம் நின்றான், ஃபவுல் எப்போது வந்தது, எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். முதலாண்டு மாணவர்களுக்குக் குறைந்தது ஒரு செமஸ்டர் முழுக்க வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் பிறகு தேர்வுக்கு உட்காருங்கள். உட்காரும்போது அந்த நோட்டு மேஜை மேல் இருக்கட்டும்.

அடுத்த மாதத்தோடு நான் இந்த வளாகத்தை விட்டுப் போகிறேன். போகும் முன் சாயங்காலம் தினமும் கோர்ட்டில் இருப்பேன். ஒரு பந்து, ஒரு ஆள் குறைகிறது. மொட்டை மாடியிலிருந்து கோர்ட் நன்றாகத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்